வாலின் பிளவு வரை

இடது கை மீனின் தலையை அளவுப் பலகையின் முட்டுக்கட்டையோடு ஒட்டி வைக்கிறது. கட்டைவிரல் கீழ்த்தாடையை மெல்லத் தள்ளி வாயை மூடுகிறது. வாய் திறந்திருந்தால் அரை சென்டிமீட்டர் பொய்யாகக் கூடிவிடும். வலது கை முதுகை ஒருமுறை நீவி, வளைந்த உடலை நேராக்குகிறது. வாலைத் தொடுவதில்லை. வால் எப்படி விரிந்து கிடக்கிறதோ அப்படியே கிடக்க, அது இரண்டாகப் பிளவுபடும் இடத்தில் பலகையின் கோடு என்ன சொல்கிறது என்று கண் பார்க்கிறது. இருபத்தொன்றரை. பென்சில் ஒரு கோடு போடுகிறது. மீன் பெட்டிக்குத் திரும்புகிறது. அடுத்த மீன்.

ஒரு மீனுக்கு ஆறு விநாடி. ஏலம் தொடங்குவதற்குள் ஐந்து பெட்டி.

ஏலக் கூடத்தில் எல்லோரும் அவளை ஸ்கேல் அக்கா என்றே கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு யாரோ கேலியாக வைத்த பெயர். இப்போது அதைச் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. மீன்வள ஆய்வு நிலையத்தின் ஏட்டில் அவள் களப் பதிவாளர், ஒப்பந்த ஊழியர். வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்.

வடக்குத் துறையில் இறங்கும் கானாங்கெளுத்தி மீன்களை அளந்து எழுதுவதுதான் வேலை. கடலில் இருக்கும் மீனை யாராலும் எண்ண முடியாது. கரைக்கு வரும் மீனின் நீளத்தை விடாமல் எழுதி வந்தால் கடலுக்குள் என்ன நடக்கிறது என்று ஓரளவு தெரியும். அந்தக் கடலில் கானாங்கெளுத்தி இருபத்திரண்டு சென்டிமீட்டரைத் தொட்ட பிறகுதான் முதல் முறை முட்டையிடும். வருகிற மீனின் சராசரி அதற்குக் கீழே போனால், முட்டையிடும் முன்பே பிடித்துத் தீர்க்கிறோம் என்று பொருள். முட்டையிடும் பருவத்தில் படகுகள் எத்தனை நாள் கரையில் நிற்க வேண்டும் என்று மீன்பிடிக் குழு இதை வைத்துத்தான் முடிவு செய்யும். இப்போது நாற்பத்தைந்து நாள்.

அவள் இந்தக் கூடத்துக்கு வந்தது பெட்டி கழுவ. அப்போது அளந்துகொண்டிருந்தவருக்கு முதுகுவலி. குனிந்து அளந்துவிட்டு நிமிர்ந்து எழுத முடியவில்லை என்று, பக்கத்தில் குழாயடியில் நின்றவளிடம் பென்சிலைக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து விடுப்பில் போனவர் திரும்பவில்லை. எழுதிக்கொண்டிருந்தவளையே அளக்கச் சொன்னது நிலையம். யாரும் சொல்லித்தரவில்லை. நிலையத்து அலமாரியில் நாற்பது பக்கத்தில் ஆங்கிலக் கையேடு ஒன்று இருந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதைப் படித்து முடிக்க அவளுக்கு நான்கு மாதம் ஆனது. எப்படி அளப்பது என்பது முதல் இரண்டு பக்கத்திலேயே இருந்தது. ஏன் அப்படி என்பதுதான் மீதி. வாலின் நுனிகள் வலையிலும் ஐஸிலும் உடைந்துபோகும், பிளவு உடையாது. அதனால் கானாங்கெளுத்தியை வாலின் பிளவு வரைதான் அளக்க வேண்டும். இந்த ஒரு வரியைப் படித்த அன்று அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனது.

அதன் பிறகு ஒரே மீனைப் பத்து முறை அளந்து பார்த்தாள். பத்தும் ஒன்றாக வரும்வரை விடவில்லை. மரப்பலகை ஈரத்தில் ஊதும் என்று மாதத்தின் முதல் நாள் இரும்பு அடிக்கோலை வைத்துச் சரிபார்ப்பாள். பெட்டியின் மேலே இருக்கும் மீனை மட்டும் எடுத்து அளக்கவே மாட்டாள். முழுப் பெட்டியையும் தரையில் கொட்டுவாள். படகுக்காரர்கள் பெரிய மீனை மேலே அடுக்கி வைப்பார்கள் என்பது கூடத்தில் பூனைக்குக்கூடத் தெரியும்.

“கல்யாண வீட்டு போட்டோ மாதிரி அடுக்கி வச்சிருந்தேன், இப்படிக் கவுத்துட்டியே” என்று ஒரு படகுக்காரர் அங்கலாய்த்தார்.

“போட்டோவுல பெரியவங்க முன்னாடி உக்காந்திருவாங்க. எனக்குப் பின்னாடி நிக்கிற குஞ்சு குளுவானும் வேணும்” என்றாள்.

இந்த வருட அறிக்கையை நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது துறையே கொண்டாடியது. மீனின் சராசரி நீளம் இரண்டே வருடத்தில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. மீன்வளம் தேறி வருகிறது. படகுகள் நிற்கும் நாட்களை நாற்பத்தைந்திலிருந்து இருபதாகக் குறைக்கலாம் என்று அறிக்கை சொன்னது. இன்னும் பதினைந்து நாளில் குழு கூடி முடிவு செய்யும்.

அவள் அறிக்கையை நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தாள். கடைசிப் பக்கத்து அட்டவணையில் ஊரின் வடக்கு, தெற்கு என்ற இரண்டு துறைகளும் தனித்தனியாக இருந்தன. வடக்குத் துறையில், அதாவது அவள் அளந்ததில், சராசரி இருபத்திரண்டு புள்ளி நான்கிலிருந்து இருபத்திரண்டு புள்ளி ஒன்றுக்கு இறங்கியிருந்தது. தெற்குத் துறையில் அதே இருபத்திரண்டு புள்ளி நான்கு, இருபத்துநான்கரைக்கு ஏறியிருந்தது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்ததில் மீன் வளர்ந்துவிட்டது.

இரண்டு துறைக்கும் நடுவில் நடந்து போகிற தூரம்தான். ஒரே கடல், ஒரே படகுகள். வடக்கில் இடம் இல்லாவிட்டால் தெற்கில் போய் இறக்குவார்கள்.

மறுநாள் அளவுப் பலகையைப் பையில் போட்டுக்கொண்டு நிலையத் தலைவரின் அறைக்குப் போனாள். தலைவர் கெட்டவர் அல்ல. மூன்று நாற்காலியில் இரண்டில் கோப்புகள் உட்கார்ந்திருந்த அறையில், அவளுக்காக ஒன்றைக் காலி செய்து கொடுத்தார். வடக்குத் துறை எண்கள் மட்டும் ஒட்டாமல் நிற்பதைத் தானும் கவனித்ததாகச் சொன்னார்.

“பலகை தேஞ்சிருக்கும்மா. பத்தொன்பது வருஷம் ஆச்சுல்ல.”

அவள் பலகையை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் மேசையிலிருந்த இரும்பு அடிக்கோலை எடுத்துப் பலகையின் மேல் கிடத்தினாள். கோட்டுக்குக் கோடு பொருந்தியது.

“பலகை தேயல சார். தெற்கால போனா மட்டும் மீன் ரெண்டு சென்டிமீட்டர் வளருதா?”

தலைவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். இரண்டு துறையிலும் ஒரே முறையில்தான் அளக்கப்பட்டது என்று பதிவாளர்கள் இருவரும் உறுதி சொல்லும் தாள். குழு கேட்டிருக்கிறது. அவளுடைய ஒப்பந்தக் கோப்பும் இதே மேசையில்தான் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே அனுப்பிவிடலாம் என்றார். மிரட்டுகிற குரலே இல்லை. வெயில் அதிகமாக இருக்கிறதே என்பதுபோலச் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

“தெரியாத விஷயத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“தெற்குத் துறைக்காரர் போட்டுட்டாரேம்மா.”

“அவர் என்னைப் பார்த்ததே இல்ல சார். நானும் அவரைப் பார்த்ததில்ல. ரெண்டு பேரும் ஒரே மாதிரி அளக்கறோம்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

தாளை அங்கேயே விட்டுவிட்டு, பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் அவளுக்கு விடுப்பு. விடியும்போதே தெற்குத் துறைக்குப் போனாள். அங்கே அளப்பவர் நாற்பது வயதிருக்கும் கண்ணாடிக்காரர். இரண்டு வருடத்துக்கு முன்பு வேறு துறைமுகத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். தரையில் ஒரு சாக்கு விரித்து, சட்டைக் கையை ஒழுங்காக மடித்து, சுத்தமாக வேலை செய்துகொண்டிருந்தார். அவர் கையைப் பார்ப்பதற்கு முன்னால், அவருக்குப் பக்கத்தில் அளக்காமல் ஒதுக்கி வைத்திருந்த மீன்களை அவள் பார்த்துவிட்டாள். எல்லாமே வால் நுனி ஒடிந்தவை.

அதை ஏன் ஒதுக்குகிறீர்கள் என்று கேட்டாள்.

“வால் நுனியே இல்லையே. எதுவரைக்கும் அளக்கறது?”

அவளுக்கு விஷயம் முழுவதும் அந்தப் பதிலிலேயே விளங்கிவிட்டது. ஆனாலும் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். அவர் தலையை முட்டுக்கட்டையில் வைத்தார், வாயை மூடினார், பிறகு வாலின் இரண்டு நுனிகளையும் விரலால் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, நுனி வரை அளந்தார்.

அவள் தன்னை யாரென்று சொன்னாள். தான் அளக்கும் விதத்தை அவருடைய பலகையிலேயே செய்து காட்டினாள். அதே மீன் அவருக்கு இருபத்தைந்து, அவளுக்கு இருபத்திரண்டரை. கண்ணாடிக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. முன்பு இருந்த துறைமுகத்தில் அவர் அளந்தது வால் பிளவில்லாத மீன். அங்கே நுனி வரை அளப்பதுதான் முறை. இங்கே வந்தபோது பலகையையும் தாள்கட்டையும் கொடுத்தார்கள். தாளில் ‘நீளம்’ என்று ஒரே ஒரு கட்டம். எதுவரை என்று அவரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

“அக்கா, இதை வெளிய விட்டுடாதீங்க. ரெண்டு வருஷத்து எழுத்து. என் வேலையே போயிடும்.”

“உங்க மேல தப்பு இல்ல. அந்தக் கட்டத்துல எதுவரைக்கும்னு எழுதாம விட்டாங்களே, அவங்க தப்பு. ஆனா தெரிஞ்ச பிறகும் வாயை மூடிட்டு இருந்தா, இன்னியிலிருந்து அது உங்க தப்பு, என் தப்பு.”

அவர் ஒதுக்கி வைத்திருந்த மீன்களைப் பெட்டியில் போட ஆரம்பித்தார்.

அவள் தம்பியின் வீட்டு மாடியில் குடியிருந்தாள். கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்பவர். வருடத்துக்கு ஒருமுறை வருவார், வந்ததும் தூங்குவார். தம்பி கானாங்கெளுத்திப் படகு ஓட்டுபவன், படகுச் சங்கத்தில் செயலாளர். கரையில் நிற்கும் நாட்கள் குறையப்போகிறது என்று வீட்டில் அவன் இரண்டு நாளாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவள் அவனிடம் எதையும் மறைக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து, மீன் வளரவில்லை, வாலைச் சேர்த்து அளந்திருக்கிறார்கள் என்றாள். குழுவிடம் அதை நிரூபிக்கப் போகிறேன் என்றும் சொன்னாள்.

அவன் முணுமுணுப்பு நின்றது.

“ஊரே வாங்கி வச்சிருக்கற இருபத்தஞ்சு நாளை நீ போய் திருப்பிக் குடுக்கப் போறியா?”

“நீ வாங்கலடா. தப்பாக் கிடைச்சது.”

“அக்கா, உன் ஸ்கேலை மீன் மேல வை. எங்க வயித்து மேல வைக்காத.”

“போன வருஷம் நீ கொண்டுவந்த மீனைப் பார்த்தேன். பாதிக்கு மேல முட்டையே போடாத குட்டி. இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு எதைப் பிடிப்ப? தண்ணியவா?”

தம்பி மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அண்ணி, ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாச் சண்டை போடுங்க, குழந்தை படிக்குது” என்றாள். அன்றிலிருந்து தம்பி அவளிடம் பேசுவதை விட்டான். சாப்பாட்டுத் தட்டை மட்டும் மாடிக்கு அனுப்பினான். அவளும் சாப்பிட்டுக் கழுவி அனுப்பினாள்.

அவள் திட்டம் எளிமையானது. ஒரே மீனை இரண்டு விதமாகவும் அளந்து பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது. ஐந்து பத்து மீன் போதாது, விதிவிலக்கு என்று சொல்லித் தட்டிக் கழிப்பார்கள். குறைந்தது அறுநூறு வேண்டும். பன்னிரண்டு நாள் இருந்தது.

இரண்டு துறையிலும் ஏலத்துக்கு முன்பு பெட்டி படகுக்காரருடையது. அவர் சம்மதித்தால்தான் கொட்டி அளக்க முடியும். பத்தொன்பது வருடமாக முணுமுணுத்துக்கொண்டாவது சம்மதித்தவர்கள், மறுநாள் காலை ஒருவரும் சம்மதிக்கவில்லை. சங்கத்தில் பேசி வைத்துவிட்டார்கள். அவள் பெட்டியை நெருங்கினால் ஆள் வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ஒருவர் உட்கார்ந்து டீ குடித்தார். யாரும் அவளைத் திட்டவில்லை. அவள் பலகையோடு தூண் அருகில் நின்று ஏலம் முழுவதையும் பார்த்தாள்.

ஏலம் முடிந்து கூடைகள் தெருவுக்கு வந்தன. மீன் விற்கும் பெண்கள் ஐஸை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரிய குரலுடைய ஒருத்தியை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். அவள் ஸ்கேல் அக்காவின் கையிலிருந்த வெற்றுத் தாளைப் பார்த்து, என்ன இன்றைக்கு வேலைநிறுத்தமா என்று கேட்டாள். ஸ்கேல் அக்கா நடந்ததைச் சொன்னாள். பெரியக்கா முழுவதையும் கேட்டாள். பிறகு தன் கூடையைத் தெருவோரத்துச் சிமெண்டு மேடையில் கவிழ்த்தாள்.

“ஏலம் முடிஞ்சாச்சு. இப்ப இது என் மீனு. என் மீனை யாரு அளக்கணும்னு நான் சொல்வேன். நான் மீன் விக்கப் போற வீடெல்லாம் என்னைப் பார்த்து, என்னம்மா குஞ்சு மீனா கொண்டுவர்றேன்னு முகத்தைச் சுளிக்குது. படகுல உக்காந்திருக்கறவன் முகத்தையா சுளிக்குது?” என்றாள். பிறகு குரலை உயர்த்தி, “ஏய், எல்லாம் இங்க கொண்டாங்க. சீக்கிரம். ஐஸ் உருகுது” என்றாள்.

முதல் நாள் நாற்பது மீன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்து எழுதுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அன்று மாலை தாளைப் பார்த்தபோது அவளுக்கே அதில் ஒரு ஓட்டை தெரிந்தது. இரண்டு அளவையும் எடுத்தவள் அவளே. தனக்கு வேண்டிய வித்தியாசத்தைத் தானே வரவழைத்துக்கொண்டாள் என்று ஒருவர் சொன்னால் போதும், அத்தனையும் குப்பை. நாற்பது மீனின் தாளையும் கிழித்துப் போட்டாள்.

மறுநாள் காலை மறுபடி தெற்குத் துறைக்குப் போனாள். கண்ணாடிக்காரரிடம் கெஞ்சவில்லை, புத்தி சொல்லவுமில்லை. ஒரே மீன், இரண்டு பலகை, இரண்டு கை, இரண்டு பேரின் கையெழுத்து. வருவதாக இருந்தால் வாருங்கள், வராவிட்டால் நான் தனியாகவே போய் நிற்பேன், அவர்கள் என்னை நம்பாமல் போகட்டும் என்றாள். சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவர் அன்று வரவில்லை. அடுத்த நாள், ஏலம் முடியும் நேரத்தில், பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிமெண்டு மேடைக்கு வந்தார்.

“நான் எப்பவும் பிடிக்கற மாதிரியே பிடிக்கறேன். நீங்க உங்க மாதிரி” என்றார். “நுனி ஒடிஞ்சதை நான் விட்டுடுவேன். விட்டேன்னும் எழுதிக்கறேன்.”

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு காலிப் பெட்டியை நிறுத்தி வைத்தார்கள், ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாதபடி. அவள் அளந்து பெட்டிக்கு மேலாக நீட்டுவாள். அவர் வாங்கி அளந்து கூடையில் போடுவார். பெரியக்கா மீனின் எண்ணை மட்டும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் நாள் அவசரத்தில் நாற்பத்தேழிலிருந்து நாற்பத்தொன்பதுக்குத் தாவிவிட்டாள். ஸ்கேல் அக்கா அன்று எழுதிய தாள் முழுவதையும் தள்ளிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கச் சொன்னாள். “இவ கூடக் குடும்பம் நடத்தறவர் கப்பல்லயே இருக்கறது சரிதான்” என்றாள் பெரியக்கா. ஆனால் ஒன்று என்று தொடங்கினாள்.

எட்டு நாளில் அறுநூற்றுப் பன்னிரண்டு மீன். எந்தக் கூடை எந்தப் படகிலிருந்து ஏலத்துக்கு வந்தது என்பதையும் எழுதினார்கள். அதில் எழுபத்தொன்றுக்கு வால் நுனி ஒடிந்திருந்தது. கண்ணாடிக்காரரின் தாளில் அந்த இடங்கள் வெறுமையாக இருந்தன, அவளுடைய தாளில் எண் இருந்தது. இருவரும் அளந்த மீன்களின் சராசரியை அவள் மூன்று முறை போட்டுப் பார்த்தாள். அவளுக்கு இருபத்திரண்டு புள்ளி ஒன்று. அவருக்கு இருபத்துநான்கரை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்த அதே இரண்டு எண்கள், ஒரே மீன்களிலிருந்து.

குழு கூடுவதற்கு முந்தைய நாள் அவள் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பித்த தாள் வரவில்லை. வராது என்று அவளுக்குத் தெரியும். தாள்களை எண் வரிசைப்படி அடுக்கி நூலால் தைத்தாள். சுத்தமாக நகல் எடுக்கலாம் என்று கண்ணாடிக்காரர் சொன்னதற்கு ஒப்பவில்லை. மீன் செதில் ஒட்டிய அசல் தாள்தான் போக வேண்டும் என்றாள்.

குழுக் கூட்டம் நிலையத்தின் மாடி அறையில் நடந்தது. நீள மேசையின் தலைமாட்டில் குழுத் தலைவி, ஒரு பக்கம் நிலையத் தலைவரும் அதிகாரிகளும், மறுபக்கம் படகுச் சங்கத்தார். அவர்களோடு தம்பியும் இருந்தான். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று குழுத் தலைவி வழக்கப்படி கேட்டார். பின்வரிசையிலிருந்து ஸ்கேல் அக்கா எழுந்தாள். கண்ணாடிக்காரரும் எழுந்தார், ஆனால் நாற்காலியின் முதுகை விடவில்லை.

நிலையத் தலைவர் முந்திக்கொண்டார். எதுவாக இருந்தாலும் நிலையத்தின் மூலமாக எழுத்தில் வரட்டும், பார்த்து அனுப்பலாம் என்றார். தவிரவும் இந்த அம்மா இப்போது நிலையத்தின் ஊழியர் இல்லை என்றார்.

“ஆமா, நேத்தோட முடிஞ்சது. இதை அளந்து முடிச்சது அதுக்கு முன்னாடி” என்றாள் அவள். மேசையைச் சுற்றிக்கொண்டு தலைமாட்டை நோக்கி நடந்தாள்.

வழியில் தம்பியின் நாற்காலி. அவன் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

“எங்க படகு மீனும் இதுல இருக்கா?”

“இருக்கு. முப்பத்தாறு.”

“எத்தனை குட்டி?”

“இருபத்தொண்ணு.”

பக்கத்திலிருந்த சங்கத்தார் அவனை ஏதோ சொல்லச் சொல்லி முழங்கையால் இடித்தார். அவன் நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டான், அவள் போக இடம் கிடைத்தது.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். மீன் வளர்ந்திருக்கிறது என்று இந்த அறிக்கை சொல்கிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

“மீன் வளரலம்மா. ஒரு துறையில வாலைச் சேர்த்து அளந்தோம், இன்னொண்ணுல வாலை விட்டு அளந்தோம். அறுநூத்துப் பன்னெண்டு மீனை ரெண்டு விதமாவும் அளந்திருக்கோம். அளந்த ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். வேணும்னா எந்தத் தாளை வேணும்னாலும் எடுங்க, அதே படகு மீனை நாளைக்கு உங்க முன்னாடியே அளக்கறேன்.”

நிலையத் தலைவர் மறுபடி எழுந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். குழுத் தலைவி அவர் பக்கம் திரும்பவில்லை. கையை நீட்டினார். அவள் தைத்த கட்டை இரண்டு கையாலும் எடுத்து, முதல் பக்கம் அவர் பக்கமாக இருக்கும்படி திருப்பி, அந்தக் கையில் வைத்தாள்.